இருபத்துநாலு வோல்ட், ஆறு ஓம்

“இந்தப் படத்துல என்ற பொட்டி எங்கீங்க சார் இருக்குது?”

பாவாத்தாள் தாளை மேஜைமேல் வைத்தபோது வாத்தியார் திருமூர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தாளில் ஒரு பேட்டரியின் குறி. பக்கத்தில் வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு. கடைசியில் இரண்டு புள்ளிகள். அடியில் இங்கிலீஷில் நாலு வரி, ஒரு கையெழுத்து.

“எந்தப் பொட்டிங்க்கா?”

“எங்க மில்லுல தீப்புடிச்ச பொட்டிங்க.”

வாத்தியாருக்கு விவரம் தெரியாது. பாலிடெக்னிக்கின் மின்சார லேபைத் தாண்டி என்ன நடந்தாலும் அவர் காதுக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் வரும். அதனால் அவள் முதலிலிருந்து சொன்னாள்.

பத்தொன்பது வருஷமாக அவள் நூல் மில்லில் ப்ரேம் என்கிற நூல் நூற்கும் மெஷினை ஓட்டுகிறாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழாம் நம்பர் ப்ரேமை நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே எட்டடி உயரத்தில் ஒரு தகரப் பெட்டி. ப்ரேமின் சிக்னல் விளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி. விளக்கு அணைந்துதான் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. அப்புறம் தீ வந்தது.

பஞ்சு பறக்கிற இடம். கேட்கவா வேண்டும்? அவளே கத்தினாள். அவளே மணல் வாளியைத் தூக்கினாள். அவளே ஏறி அணைத்தாள்.

மறுநாள் சஸ்பெண்ட் ஆனதும் அவளேதான்.

அந்த மில்லில் பெண்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் தங்கள் ப்ரேமுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். முன்பெல்லாம் சூடமும் காட்டுவார்கள். நிர்வாகம் தடுத்ததும் சூடம் நின்றது, மஞ்சள் நிற்கவில்லை. ‘பாவாத்தாள் திருட்டுத்தனமாகச் சூடம் கொளுத்தியிருக்கிறாள்’ என்று மேனேஜர் எழுதிவிட்டார். கொளுத்தவில்லை என்றாள் அவள். பின்னே தீ எங்கிருந்து வந்தது? பெட்டிக்குள்ளிருந்து வந்தது. விளக்கு எரியாதபோது பெட்டி தானாகச் சூடாகுமா? ஆகாது என்று மில் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கணக்குத்தான் இந்தத் தாள்.

“அடுத்த வியாழக்கிழமை விசாரணைங்க. இதைப் படிச்சுட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. வேலை போனாக் கூடப் பரவால்லீங்க, இன்னொரு மில்லுக் கதவைத் தட்டுவேன். பொய் சொன்னவள்னு எழுதி அனுப்புவாங்களே, அது எனக்குப் பொறுக்கல.”

“அதுக்கு என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

“கார்வேந்தன் இன்ஜினியருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் குடுத்தது நீங்கதானாமா.”

வாத்தியார் கையெழுத்தைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். தாளை மேலிருந்து கீழே வரை படித்தார்.

“எரிஞ்சு போன பொட்டிய எப்படி அளந்தான்?”

“பக்கத்துல எட்டாம் நம்பருக்கும் அதே மாதிரிப் பொட்டி இருக்குதுங்க. அதை அளந்தாரு.”

“கணக்கு சரி.”

“எப்படீங்க சரி?”

“வெளியே நீட்டிட்டிருக்கற ரெண்டு முனையில அளந்தா இருபத்துநாலு வோல்ட். ரெண்டையும் சேத்துப் புடிச்சா நாலு ஆம்பியர். அப்ப உள்ளே ஒரு இருபத்துநாலு வோல்ட் பேட்டரியும் ஆறு ஓம் ரெசிஸ்டரும் இருக்கற மாதிரி. விளக்கு எரியலீன்னா கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடலீன்னா சூடு இல்லை.”

“இருக்கற மாதிரிங்களா, இருக்குதுங்களா?”

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு நாற்பத்துநாலு வயது இருக்கும். அவரைவிட எட்டு வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பை விட்டவள். அவர் பதினோரு வருஷமாக இதே பாடத்தை நடத்துகிறார். ஒருவனும் இப்படிக் கேட்டதில்லை.

“நாளைக்கு வாங்க்கா.”

*

மறுநாள் அவர் கரும்பலகையில் ஒரு பெரிய படம் போட்டார். இரண்டு பேட்டரி, ஒன்பது ரெசிஸ்டர். கல்யாண வீட்டுப் பந்தலுக்குச் சீரியல் லைட் போட்ட மாதிரி சிக்கலாக இருந்தது.

“இதுல எது எங்கே போகுதுன்னு தெரியுதுங்களா?”

“தலை சுத்துதுங்க.”

“எல்லாருக்கும் சுத்தும். அதனால சுருக்கறோம்.”

வரிசையாக இருந்த இரண்டைக் கூட்டி ஒன்றாக்கினார். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டை மடக்கி ஒன்றாக்கினார். ஒவ்வொன்றாக டஸ்டரால் அழித்தார். கால் மணி நேரத்தில் பலகையில் ஒரு பேட்டரியும் ஒரு ரெசிஸ்டரும் மட்டும் நின்றன.

“எவ்வளவு பெரிய சுற்றா இருந்தாலும் சரி. ரெண்டு முனையில நின்னு பாத்தா இவ்வளவுதான். தெவெனின் தேற்றம்னு பேரு.”

கையைத் தட்டிச் சாக்பீஸ் தூளை உதறினார். அவருக்கு ரொம்பப் பிடித்த பாடம். இந்த இடத்தில் பையன்கள் வாயைப் பிளப்பார்கள்.

பாவாத்தாள் வாயைப் பிளக்கவில்லை.

“அழிச்சதெல்லாம் எங்கீங்க போச்சு?”

“எங்கேயும் போகல. எல்லாம் இந்த ஒண்ணுக்குள்ள அடக்கம்.”

“எட்டுப் பேரு நின்ன எடத்துல ஒருத்திய நிறுத்திட்டு, எல்லாம் இவளுக்குள்ள அடக்கம்னு சொல்ற மாதிரி இருக்குதுங்க.”

“வெளியே வர்ற நூல் ஒண்ணுதானே?”

“நூலு ஒண்ணுதானுங்க. நிக்கறவ காலு?”

வாத்தியார் டஸ்டரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

“அக்கா, நான் கரண்டைப் பத்திப் பேசறேன்.”

“நான் மட்டும் வேற எதைப் பத்திங்க பேசறேன்?”

மணி அடித்தது. அடித்தது நல்லதாகப் போயிற்று.

*

மூன்றாம் நாள் அவர் பேசவில்லை. லேபின் மூலையில் இருந்த இரண்டு தகரப் பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பின்பக்க ஒயர்களைச் சுவரில் சொருகி சுவிட்சைப் போட்டார். ஒவ்வொன்றின் முன்பக்கமும் இரண்டு முனை. மூடியில் அரக்கு சீல்.

“அளங்க.”

மீட்டரை எப்படிப் பிடிப்பது என்று ஒரு தடவை காட்டினார். ப்ரேமில் அறுந்த நூலைக் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிகிற விரல்கள். அவளுக்குப் பிடிபட எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் பெட்டி, இருபத்துநாலு வோல்ட். இரண்டாம் பெட்டி, இருபத்துநாலு.

முனைகளைச் சேர்த்தாள். முதல் பெட்டி, நாலு ஆம்பியர். இரண்டாம் பெட்டி, நாலு.

ஒரு சின்ன பல்பைக் கொடுத்தார். இரண்டு பெட்டியிலும் ஒரே வெளிச்சத்தில் எரிந்தது.

“ஒரு பொட்டிக்குள்ள படத்துல இருக்கற மாதிரியே இருபத்துநாலு வோல்ட்டும் ஆறு ஓமும். இன்னொண்ணுக்குள்ள வேற என்னமோ. எதுக்குள்ள எதுன்னு சொல்லுங்க.”

“தெரியல.”

“யாராலயும் சொல்ல முடியாது. அதுதான் பாடம்.”

நோட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். பதினோரு வருஷத்துப் பையன்களும் எழுதிய இடம் அது. ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பத்து நிமிஷத்தில் முடிகிற பரிசோதனை. அடுத்த குழு கதவுக்கு வெளியே காத்துக்கொண்டு நிற்கும். கையெழுத்துப் போட்டவுடன் சுவிட்சை அணைப்பதுதான் வழக்கம்.

“எழுதுங்க.”

“மாட்டனுங்க.”

“ஏன்?”

“எனக்குத் தெரியல. தெரியலைங்கறதும் ஒண்ணுங்கறதும் வேற வேறயில்லீங்களா?”

“அக்கா, எல்லா வழியிலயும் அளந்துட்டீங்க.”

“உள்ளே பாக்கல.”

“தெறக்கக் கூடாது.”

“அப்ப எழுத மாட்டேன்.”

வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஊர் உலகமே ஒப்புக்கொண்ட தேற்றத்தை ஒப்புக்கொள்ள ஒரு மில் ஆளுக்கு மனசு வரவில்லையே என்று இருந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, “எழுதற வரைக்கும் இங்கேயே உக்காருங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

கோபத்தில் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார்.

உட்கார் என்று சொல்லி பாவாத்தாளைத் தண்டிக்க முடியாது. பத்தொன்பது வருஷம் எட்டு மணி நேரம் நின்றவளுக்கு நாற்காலி தண்டனையா? கல் மாதிரி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அவள் பெட்டிகளைப் பார்த்தாள். பெட்டிகள் அவளைப் பார்த்தன.

எனக்கு மட்டும் என்ன, கையெழுத்துப் போடத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டாள். போடுவது ஒரு நிமிஷம். அதற்கப்புறம் அந்த இன்ஜினியரை எந்த முகத்தோடு பார்ப்பது?

பசித்தது. தூக்குப்போசியைத் திறப்பதற்கு மேஜையில் இடம் வேண்டியிருந்தது. ஒரு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஓரமாக நகர்த்தினாள்.

இன்னொன்றைப் பிடித்தாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் மெதுவாக மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நாற்பது பையன்களுக்கு நடுவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியாரை வாசலிலிருந்தே கூப்பிட்டாள்.

“சார். வாங்க.”

அந்தக் குரலுக்கு அவர் ஏன் என்று கேட்கவில்லை. வந்தார்.

“கைய வைங்க.”

ஒரு கையை ஒரு பெட்டியில் வைத்தார். இன்னொரு கையை இன்னொன்றில் வைத்தார். அதைச் சட்டென்று எடுத்தார்.

பிறகு திருப்புளியை எடுத்து, தானே வைத்த அரக்கு சீலைத் தானே உடைத்தார்.

சுட்ட பெட்டிக்குள் நாற்பத்தெட்டு வோல்ட் வந்துகொண்டிருந்தது. அதை இரண்டு பன்னிரண்டு ஓம் ரெசிஸ்டர்கள் பாதியாகப் பங்கு போட்டு, ஒரு பாதியை வெளியே காட்டிக்கொண்டிருந்தன.

“வெளியே ஒண்ணுமே மாட்டலீன்னாலும் உள்ளுக்குள்ளயே ரெண்டு ஆம்பியர் சுத்திட்டிருக்குது,” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. “தொண்ணூத்தாறு வாட்.”

“எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க.”

“நூறு வாட் குண்டு பல்பு ஒண்ணை இந்தப் பொட்டிக்குள்ள போட்டு மூடி, ராத்திரி பகலா எரியவிட்ட மாதிரி.”

“எங்கூர்ப் பண்ணையில ஒரு குண்டு பல்ப வெச்சு அம்பது கோழிக்குஞ்ச வளத்தறோம்.” அவள் பெட்டியைப் பார்த்தாள். “பஞ்சு உள்ளே போயிருந்தா?”

வாத்தியார் சுவிட்சை அணைத்தார்.

“இது உங்களுக்குத் தெரியாதுங்களா சார்?”

“தெரியும். இந்தச் சுருக்கம் வெளியே நிக்கறவனுக்கு மட்டுந்தான், உள்ளே ஆகற சூட்டுக்குச் செல்லாதுன்னு புஸ்தகத்துல ஒரு வரி இருக்குது.”

“அப்புறம்?”

“பரீட்சைக்கு வராது. நடத்தாம விட்டுட்டேன்.”

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண் கலங்கியது. ஒரு வரி. இந்த மனுஷன் சோம்பலில் விட்ட ஒரு வரிக்காக இருபத்தாறு நாளாக அவள் தெருவில் தலை குனிந்து நடக்கிறாள். சோத்துப் போசியை மூடினாள். சாப்பிடவில்லை.

“வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு மில்லுக்கு வாங்க.”

வாத்தியார் தலையை ஆட்டினார். குருவுக்குக் கட்டளை போடுகிற சிஷ்யை அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

*

விசாரணை அதிகாரி வெளியூர் வக்கீல், வயதானவர். மேனேஜர் சென்னியப்பன் அவருக்கு இளநீர் கொடுத்து உட்காரவைத்திருந்தார். இன்ஜினியர் கார்வேந்தன் தாளை வாசித்து முடித்தார். வாத்தியாரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

“இவரு என் சாட்சிங்க,” என்றாள் பாவாத்தாள்.

அதிகாரி கேட்டார். “இந்தக் கணக்கு தப்பா?”

“சரிங்க,” என்றார் வாத்தியார்.

சென்னியப்பன் முகம் மலர்ந்தது.

“ஆனா பாதிதாங்க. மீதியை இவனுக்கு நான் நடத்தல.” வாத்தியார் கார்வேந்தன் பக்கம் திரும்பினார். “எட்டாம் நம்பர் பொட்டியத் தெறந்து பாத்தியாப்பா?”

“இல்லைங்க சார். ரெண்டு முனையில அளந்தேன். நீங்க சொன்ன மாதிரியே.”

“ஆமா. நான் சொன்ன மாதிரியே.”

பாவாத்தாள் பேசினாள்.

“எட்டாம் நம்பர் ப்ரேம் காலையில இருந்து நிக்குதுங்க. விளக்கு எரியல. இன்ஜினியரை ஏணி போட்டு ஏறிக் கைய வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு?” என்றார் சென்னியப்பன்.

“சூடு இல்லைன்னு எழுதிக் குடுத்தவருதானுங்களே. வெச்சா என்ன ஆயிரும்?”

எல்லோரும் ப்ரேமுக்குப் போனார்கள். மற்ற ப்ரேம்களில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் காது இங்கேதான் இருந்தது. கார்வேந்தன் ஏணியில் ஏறினார். உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தார்.

வைத்த வேகத்தில் எடுத்தார்.

“எப்படி இருக்குது?” என்றார் அதிகாரி கீழேயிருந்து.

“சுடுதுங்க.”

“உங்க கணக்குப்படி எவ்வளவு சுடணும்?”

கார்வேந்தன் முகத்தில் ஈயாடவில்லை. “சுடவே கூடாதுங்க,” என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், அதற்கு அரசாங்க இன்ஸ்பெக்டர் வர வேண்டும், அதுவரை தீர்ப்பு எழுத முடியாது என்றார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

சென்னியப்பன் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். சட்டென்று குரலைத் தேனாக மாற்றிக்கொண்டார்.

“பாவாத்தா, இன்ஸ்பெக்டர் வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீ வீட்டுல உக்காந்துட்டு என்ன பண்ணுவே? இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு. இன்னிக்கே பைலை மூடிரலாம்.”

ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்த தாள். அவள் வாங்கி வாசித்தாள். ‘என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது.’

“சூடம்னு ஒரு வார்த்தை இருக்குதா பாரு. இல்ல. உன்னைய யாரும் பொய் சொன்னவள்னு சொல்லல. போட்டீன்னா திங்கக்கிழமை ஏழாம் நம்பர் ப்ரேம்ல நிப்பே. போடலீன்னாலும் ஆறு மாசம் கழிச்சு அதே ஏழாம் நம்பர்லதான் நிப்பே. அதே சேலை, அதே கூலி, அதே நூலு. வெளியில நின்னு பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

ஆறு மாதம் என்பது அவளுக்குச் சின்ன விஷயம் அல்ல. வீட்டில் அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள். கை பேனாவைத் தேடியது நிஜம். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

சென்னியப்பன் வாத்தியாரிடம் திரும்பினார்.

“சார், நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?”

பதினோரு வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லி வந்த மனுஷன் பாவாத்தாள் பக்கம் கையைக் காட்டினார்.

“அவங்களக் கேளுங்க,” என்றார்.

பாவாத்தாள் தாளை நாலாக மடிக்கவில்லை, கிழிக்கவில்லை. வாங்கின மாதிரியே சென்னியப்பன் கையில் திருப்பி வைத்தாள்.

“அப்படீன்னா வெளியில நிக்கறவனையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”